பழைய மெட்ராஸ் ஹோட்டல் ருசி நிஜமா, நெனப்பா? அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

கேள்வி கொஞ்சம் நீளமா இருந்துச்சு, அதனால நான் புரிஞ்சுக்கிட்டதை மொதல்ல சொல்லிடறேன். உங்க அப்பாவுக்கு 78 வயசு. 1967-ல வேலைக்குன்னு மெட்ராஸ் வந்து, கல்யாணம் ஆகுற வரைக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கியிருந்து, அப்பறம் டிரான்ஸ்ஃபர்ல வடக்க போயி, இப்ப உங்களோட புனேல இருக்கார். மூணு கடையைப் பத்தி ஓயாம பேசுறார், பேர் மட்டும் சரியா வர மாட்டேங்குது. ஒண்ணு, மரத்தடியில காரை நிறுத்தினா ஜன்னல்லயே தட்டை மாட்டிட்டுப் போவாங்களாம். ரெண்டாவது, திருவல்லிக்கேணியில இட்லி எங்க கெடக்குன்னே தெரியாத அளவுக்கு சாம்பார் ஊத்துவாங்களாம். மூணாவது, மயிலாப்பூர்ல ஒரு சந்துக்குள்ள, வாசல்ல நின்னு காத்துக்கெடந்து சாப்பிடுற சின்ன எடம், சட்னி கரண்டியை விட்டு எறங்காதாம். அடுத்த மாசம் அவரைக் கூட்டிட்டு சென்னை வரீங்க, எதெல்லாம் இன்னும் இருக்குன்னு கேட்டிருக்கீங்க. ஆனா நெஜமான கேள்வி உங்க கடைசி வரியில இருக்கு: கூட்டிட்டுப் போயி அந்த ருசி இல்லன்னு ஆயிட்டா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரோ, அப்படி ஒரு ருசி இருந்துச்சா இல்ல வயசானவங்க நெனப்பான்னு. அதுக்குத்தான் இவ்ளோ பெரிய பதில்.

நான் 1978-ல, 14 வயசுல, ஆரணி பக்கத்து கிராமத்துல இருந்து வந்து திருவல்லிக்கேணியில ஒரு உடுப்பிக்காரர் ஹோட்டல்ல டேபிள் துடைக்கிற பையனா சேந்தவன். கிளீனர், சப்ளையர், காபி போடுற எடம், தோசைக்கல், கடைசியில சரக்கு மாஸ்டர்னு மொத்தம் 36 வருஷம் ஓடிப்போச்சு. சரக்கு மாஸ்டர்னா சாம்பார், சட்னி, ரசம், கூட்டு எல்லாத்துக்கும் பொறுப்பு, உப்பு கூடினாலும் கொறஞ்சாலும் திட்டு அவனுக்குத்தான். நான் பாத்ததெல்லாம் சைவ சமையல்கட்டு. அசைவ ஹோட்டலைப் பத்தி நான் என்ன சொன்னாலும் அது சாப்பிட்டவன் பேச்சு, சமைச்சவன் பேச்சு இல்ல. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

மொதல்ல கடைகளை அடையாளம் காட்டிடறேன். கார் ஜன்னல்ல தட்டு மாட்டுற எடம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், அதுல சந்தேகமே வேண்டாம். 1962-ல ஆரம்பிச்சாங்க, கதீட்ரல் ரோட்டுல, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல. உங்க அப்பா மெட்ராஸ் வந்தப்ப அங்க மேம்பாலம் கெடையாது, அது 1973-ல தான் வந்துச்சு, அதனால அவரு மனசுல இருக்குற எடம் வேற மாதிரி இருக்கும். அதை ஆரம்பிச்சவர் கிருஷ்ண ராவ், உடுப்பி பக்கத்துல இருந்து சின்ன வயசுல இங்க வந்து சமையல்கட்டு எடுபிடி வேலையில ஆரம்பிச்ச மனுஷன். ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவுல சின்ன ஹோட்டல், அப்பறம் மவுண்ட் ரோடு, 1938-ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ், 1952-ல இப்ப ராதாகிருஷ்ணன் சாலைன்னு சொல்ற ரோட்டுல நியூ உட்லண்ட்ஸ்னு படிப்படியா வந்தார். எங்க மொதலாளி அவரைப் பத்தி பேசுறப்ப மட்டும் கல்லாவை விட்டு எழுந்து நின்னு பேசுவார், அவ்ளோ மரியாதை.

டிரைவ்-இன்ல கார் வச்சிருக்குறவங்க மட்டும் தான் சாப்பிட்டாங்கன்னு இல்ல. உள்ள ஒரு ஹால் இருந்துச்சு, அங்க மெடிக்கல் ரெப்புங்க, காலேஜ் பசங்க, எழுதுறவங்க, சினிமா சான்ஸ் தேடுறவங்கன்னு ஒரு காபியை வச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க, எழுந்திருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஹோட்டல் தொழில் தெரிஞ்சவனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். எங்க ஹோட்டல்ல ஒருத்தர் காபி குடிச்சிட்டு பத்து நிமிஷம் உக்காந்தா நான் போயி டேபிளை ரெண்டாவது தடவை துடைக்கணும், அது தான் எழுந்திருங்கன்னு சொல்ற பாஷை. அந்த டிரைவ்-இன் 2008-ல மூடியாச்சு. எடம் அரசாங்கத்தோடது, தோட்டக்கலை சங்கத்துக் கிட்ட இருந்து குத்தகையில ஓடிட்டு இருந்துச்சு, கோர்ட்டு கேஸ்னு இழுத்து கடைசியில அரசு திருப்பி எடுத்துக்கிட்டு, 2010 நவம்பர்ல அங்க செம்மொழிப் பூங்கா தொறந்தாங்க. ஆக மொதல் கடைக்கு பதில் இல்லங்கிறது தான். ஆனா மரம் கொஞ்சம் இருக்கு, அதை அப்பறம் சொல்றேன்.

ரெண்டாவது, திருவல்லிக்கேணி ஹை ரோட்டுல இருக்குற ரத்னா கபே. 1948-ல இருந்து இருக்கு. மேன்ஷன்ல இருந்த ஆளு "இட்லி முழுகுற சாம்பார்"னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு அது தான், மீதி பத்து அந்த ஏரியாவுல அதே மாதிரி ஊத்தின மத்த ஹோட்டல்களுக்கு. வேடிக்கை என்னன்னா இதை ஆரம்பிச்சது தமிழரும் இல்ல உடுப்பிக்காரரும் இல்ல, உத்தரப்பிரதேசம் மதுரா பக்கத்துல இருந்து வந்த குடும்பம். சப்ளையர் ஜக்கோட வந்து ஊத்துவார், தீரத் தீர மறுபடி ஊத்துவார். இன்னும் நடக்குது, இப்ப ஊருக்குள்ள கிளைகளும் இருக்கு, நீங்க போக வேண்டியது திருவல்லிக்கேணிக்கு.

மூணாவது, கெட்டி சட்னின்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு, அது ராயர் கபே, நாங்கல்லாம் ராயர் மெஸ்னு தான் சொல்வோம். கச்சேரி ரோட்டை ஒட்டின அருண்டேல் தெருவுல இருக்கு. தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துது. ஒரே நேரத்துல ரொம்பக் கொஞ்சம் பேர் தான் உக்கார முடியும், பெஞ்சுல எடம் காலியாகுற வரைக்கும் வாசல்ல நிக்கணும். இன்னும் இருக்கு. ஒருவேளை அப்பா கீரை வடைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது கபாலீசுவரர் கோயிலை ஒட்டின கற்பகாம்பாள் மெஸ்ஸா இருக்கும், கேட்டுப் பாருங்க. அப்படியே காளத்தி கடை ரோஸ் மில்க் ஞாபகம் இருக்கான்னும் கேளுங்க, 1927-ல இருந்து பேப்பர் கடையும் ரோஸ் மில்க்குமா இருக்குற எடம் அது. அதைக் கேட்டதுமே முகம் மாறும்.

சரி, ருசிக்கு வரேன். நெறைய பேர் சொல்ற காரணங்கள்ல பாதி தப்பு. "அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லுல கையால ஆட்டுவாங்க, அதான் ருசி"ன்னு சொல்வாங்க. உங்க அப்பா சாப்பிட ஆரம்பிச்சது 1967, அதுக்கு முன்னாடியே கோயம்புத்தூர்ல இருந்து கரெண்ட்டுல ஓடுற கல் கிரைண்டர் வந்தாச்சு, கொஞ்சம் பெரிய ஹோட்டல்ல எல்லாம் அது தான் ஓடிட்டு இருந்துச்சு. நான் சேந்தப்ப எங்க ஹோட்டல்ல ஆட்டுக்கல் பின்கட்டுல கவுந்து கெடந்துச்சு, அது மேல உக்காந்து தான் நாங்க டீ குடிப்போம். "தண்ணி தான் காரணம், பழைய கெணத்துத் தண்ணி"ன்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கலாம், காபிக்கும் பருப்புக்கும் தண்ணி முக்கியம் தான், ஆனா ஊர்ல பாதி ஹோட்டல் குழாய்த் தண்ணியில சமைச்சிட்டு இருந்தப்பவும் ருசி இருந்துச்சே, அதனால அதுல எனக்கு முழு நம்பிக்கை கெடையாது. "சுத்தமான நெய், கலப்படமே இல்ல" இது சுத்தப் பொய். வனஸ்பதி டின் இல்லாத ஹோட்டல் கெடையாது. நெய் தோசைன்னா நெய் மேல ஒரு ஸ்பூன், அடியில வேற. "அப்பல்லாம் காபியில சிக்கரியே இல்ல"ங்கிறதும் அப்படித்தான், சிக்கரி தாராளமா இருந்துச்சு. இப்பவாவது சட்டப்படி நூத்துக்கு 49 வரைக்கும் தான் கலக்கலாம், அதைப் பாக்கெட்டுல போட்டாகணும்.

அப்ப எது தான் நெஜம்? என் அனுபவத்துல அடிச்சு சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணு. சமைச்சு எறக்கினதுக்கும் உங்க எலைக்கு வர்றதுக்கும் நடுவுல இருந்த நேரம் ரொம்பக் கம்மி. அந்தக் காலத்து ஹோட்டல்ல பெரிய ஃபிரிட்ஜ் கெடையாது. மெட்ராஸ் வெயில்ல மாவு நிக்காது, சட்னி ரெண்டு மணி நேரத்துல கெட்டுப் போயிடும், சாம்பார் மத்தியானத்துக்கு மேல தாங்காது. அதனால கொஞ்சம் கொஞ்சமா தான் போட முடியும். காலைக்கு ஒரு மாவு, சாயங்காலத்துக்கு ஒரு மாவு. தேங்காய் சட்னி ஒவ்வொரு ஈடுக்கும் புதுசா அரைப்போம். தீந்துச்சுன்னா தீந்துச்சு, ஒம்பதரை மணிக்கு வந்து பொங்கல் கேட்டா "காலி சார்"னு சொல்லிடுவோம், அதுல எங்களுக்கு வெக்கமே கெடையாது. இப்ப ஒரு பெரிய ஹோட்டல்ல போயி காலைல ஏழு மணியில இருந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எதைக் கேட்டாலும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. இல்லன்னு சொல்லாத எடத்துல எல்லாமே ஏற்கனவே செஞ்சு வச்சிருக்குன்னு அர்த்தம். பல கிளை வச்சிருக்குறவங்க ஒரே பெரிய சமையல்கூடத்துல சாம்பாரையும் மாவையும் போட்டு வண்டியில அனுப்புறாங்க, அது சுத்தமா இருக்கும், எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா வழியில ஏதோ ஒண்ணு எறங்கிப் போயிடுது.

சாம்பார் இட்லியையே எடுத்துக்கோங்க. ஈடு எறக்கினதும் ரெண்டு நிமிஷம் துணியில ஆற விட்டு, இட்லி உள்ள சூடு இருக்குறப்பவே கிண்ணத்துல போட்டு கொதிக்கிற சாம்பாரை ஊத்தணும். அப்ப இட்லி ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும், அஞ்சு நிமிஷத்துல சாம்பார் மட்டம் எறங்கும், நீங்க கண்ணால பாக்கலாம். அதனால தான் ஜக்கோட மறுபடி வரணும், அது தாராள மனசு மட்டும் இல்ல, தேவை. அதே இட்லி ஆறிப்போயிருந்தா சாம்பார் வெளியவே நிக்கும், உள்ள வெள்ளையா வறண்டு இருக்கும், எவ்ளோ நல்ல சாம்பாரா இருந்தாலும் ரெண்டும் தனித்தனியா தான் இருக்கும். எனக்குக் கத்துக்குடுத்த மாஸ்டர் டிஃபன் சாம்பார்ல பருப்பைக் கொறைச்சு பரங்கிக்காயை நல்லா கொழைய வேக வச்சு கரைச்சு விடுவார், கடைசியில ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம். வெல்லம் போடுறப்ப மட்டும் என்னை வெளிய போயி மல்லித்தழை எடுத்துட்டு வரச் சொல்வார். ரெண்டு வருஷம் மல்லித்தழை எடுத்தே அலைஞ்சேன், அப்பறம் தான் எனக்கே உறைச்சுது.

கெட்டி சட்னியும் அதே கதை தான். தேங்காய், பச்சமொளகா, பொட்டுக்கடலை, உப்பு, இதுல என்ன ரகசியம் இருக்கு? தண்ணி விடாம அரைச்சா மொத்தம் கொஞ்சமா தான் வரும், தேங்காய் செலவு ரெண்டு மடங்கு. பெரிய ஹோட்டல்ல மொதலாளி கண்ணு முன்னாடி அப்படி அரைக்க முடியாது, "ஏம்பா தண்ணிக்கு என்ன பஞ்சமா"ன்னு கேப்பார். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் போடுவேன்னு முடிவு பண்ணின சின்ன கடையால மட்டும் தான் அது முடியும். ராயர் கடை பெருசாகாம இருந்தது தான் அந்த சட்னி பொழைச்சுக்கிட்டதுக்கு காரணம்னு எனக்குத் தோணும், இது என் அபிப்பிராயம், அவங்க கிட்ட கேட்டா வேற சொல்லலாம்.

காபியும் கிட்டத்தட்ட இதே கணக்கு தான். ஆள் உயரத்துல பாதி இருக்கும் எங்க பித்தளை ஃபில்டர், விடிகாலை மூணரைக்கு தூள் போட்டு வெந்நீர் விட்டா மொதல் டிக்காஷன் அஞ்சு மணிக்கு எறங்கி நிக்கும். அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் வர்றவங்களுக்கு அது. பால் அப்பத்தான் மொதல் கொதி கண்டிருக்கும், அதுல தண்ணி ஏறியிருக்காது. ஏழரைக்கு மேல கூட்டம் கூடினதும் ரெண்டாம் டிக்காஷனும் அதோட கலந்துடும். பத்து மணிக்கு வர்றவருக்குக் கெடைக்கிறது பழைய பால், ரெண்டாம் டிக்காஷன், அதை மறைக்க ஒரு கூடுதல் ஸ்பூன் சக்கரை. அதே ஹோட்டல், அதே தூள், அதே மாஸ்டர், ஆனா அஞ்சு மணி காபிக்கும் பத்து மணி காபிக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. உங்க அப்பா மேன்ஷன்ல இருந்தவர், ரூம்ல நாலு பேர், காத்து கெடையாது, விடியறதுக்கு முன்னாடி எழுந்து பீச் பக்கம் நடந்துட்டு பசியோட நேரா ஹோட்டலுக்கு வந்திருப்பார். அவரு குடிச்சது எப்பவும் மொதல் டிக்காஷன். அது நெனப்பு இல்ல சார், அவருக்குக் கெடைச்சதே நல்ல சரக்கு.

மேன்ஷன் ஆளுங்களைப் பத்தி சொல்லாம போக முடியாது, எங்க ஹோட்டல் ஓடினதே அவங்களால. மாச மொதல் வாரம் ரவா தோசை, ஸ்வீட்டு, டபுள் காபி. இருபது தேதிக்கு மேல ஒரு பிளேட் இட்லி, ரெண்டு தடவை சாம்பார். மூணாவது தடவை சாம்பார் கேக்குறப்ப ஜக்கைப் பாத்து தான் கேப்பாங்க, மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. நான் எதுவும் பேசாம ஊத்திட்டுப் போவேன். மதிய சாப்பாட்டுக்கு அந்த ஏரியாவுலயே காசி விநாயகா மெஸ் இருக்கு, அக்பர் சாகிப் தெருவுல, டோக்கன் வாங்கிட்டு பந்தி பந்தியா தான் உள்ள விடுவாங்க, ஒரு பந்தி எழுந்தப்பறம் அடுத்த பந்தி. மீன் சாப்பிடுறவங்களா இருந்தா சேப்பாக்கம் பக்கத்துல நாயர் மெஸ், 1961-ல இருந்து இருக்கு. கவனிச்சுப் பாருங்க, இன்னும் ஊர் மெச்சுற பழைய எடமெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பந்தி, டோக்கன், தீந்துடுச்சுன்னு ஓடுற எடமா தான் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டு அந்தக் காலம் சொர்க்கம்னு நெனைச்சுடாதீங்க. ஒரு ஹோட்டல்ல, பேர் வேண்டாம், ராத்திரி மிஞ்சின சாம்பாரை காலை சாம்பாரோட சேத்துக் கொதிக்க விடச் சொல்வாங்க, நானும் விட்டிருக்கேன். குளிர் காலத்துல மாவு பொங்கலன்னா ஆப்ப சோடா ஒரு கை, அதுவும் செஞ்சிருக்கேன். பதினாலு வயசுல நான் படுத்தது டைனிங் ஹால்ல ரெண்டு பெஞ்சை சேத்துப் போட்டு, மூணு மணிக்கு கிரைண்டர் போடுற சத்தத்துல எழுந்தாகணும், ராத்திரி பதினொண்ணுக்குத்தான் திருப்பிப் படுக்க முடியும். இப்ப அந்த மாதிரி சின்னப் பையனை வச்சு ஹோட்டல் நடத்தினா போலீஸ் வரும், வரணும். அடிக்கடி கொஞ்சமா செஞ்சு சூடா போடுறதுக்கு நெறைய கை வேணும், அந்தக் கையெல்லாம் சல்லிசா கெடைச்சுது, அதுவும் அந்த ருசியோட கணக்குல வரும்.

அப்பறம், எல்லாருக்கும் அந்த ஹோட்டல்கள் நல்ல ஞாபகம்னு சொல்ல முடியாது. "பிராமணாள்"னு போர்டு மாட்டின ஹோட்டல்கள் ஊர் பூரா இருந்துச்சு. அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லி 1957-ல பெரியார் கூப்பிட்டு திராவிடர் கழகத்துக்காரங்க இதே திருவல்லிக்கேணியில முரளி கபே வாசல்ல மாசக்கணக்கா மறியல் பண்ணி, நூத்துக்கணக்குல கைதானாங்க, கடைசியில போர்டுல இருந்து அந்த வார்த்தை போச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா நான் வேலைக்கு சேந்தப்பவும் வயசான கஸ்டமர்ங்க அந்தக் கதையை ரெண்டு விதமா சொல்வாங்க, சொல்றவர் யாருங்கிறதைப் பொறுத்து. பொம்பளைங்க தனியா வந்து ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடுறதும் ரொம்ப அபூர்வம், வந்தா கொசுவலைக் கதவு போட்ட ஃபேமிலி ரூம் தான். உங்க அம்மா கிட்ட அதே ஹோட்டலைப் பத்திக் கேட்டா வேற பதில் வரலாம்.

கடைங்க ஏன் போச்சுங்கிறதை சுருக்கமா சொல்லிடறேன். ருசி போயி மூடினது கொஞ்சம், எடத்தோட வெலை ஏறி மூடினது அதிகம். பூந்தமல்லி ஹை ரோட்டுல தாசப்பிரகாஷ்னு அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டல் இருந்துச்சே, ஐஸ்கிரீமுக்குன்னே குடும்பம் குடும்பமா வருவாங்க, அந்தக் கட்டடமே இப்ப இல்ல. மவுண்ட் ரோட்டுல ஒரு கிரவுண்டு என்ன வெலை போகுதுன்னு தெரிஞ்சா அந்த எடத்துல இட்லி வித்து யாரு கட்டுப்படியாக்க முடியும்னு நீங்களே சொல்வீங்க. இன்னொண்ணு ஆளு. உடுப்பி, குந்தாப்பூர் பக்கம் இருந்து வந்துக்கிட்டு இருந்த மாஸ்டர்ங்களோட புள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போயிட்டாங்க, அது சந்தோஷமான விஷயம் தான், என் பையனையும் நான் சமையல்கட்டு பக்கம் விடல. இப்ப கல்லுல தோசை வாக்குற பசங்க ஒடிசா, அசாம்ல இருந்து வர்றாங்க. சிலர் "அதான் ருசி போச்சு"ம்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குக் கடைசியா கெடைச்ச ரெண்டு நல்ல தோசை மாஸ்டர்ல ஒருத்தன் அசாம் பையன், கல்லுல தண்ணி தெளிச்சு சத்தத்தை வச்சே சூடு சொல்வான்.

அசைவம் பத்தி ஒரே ஒரு வரி, ஏன்னா அப்பா நண்பர்களோட மவுண்ட் ரோடு புகாரிக்குப் போனதா சொல்லியிருக்கீங்க. 1951-ல இருந்து இருக்கு, ஏ.எம்.புகாரி ஆரம்பிச்சது, இன்னும் இருக்கு. சிக்கன் 65-ஐ 1965-ல அங்க தான் மெனுவுல போட்டோம்னு அவங்க சொல்றாங்க, பின்னாடி 78, 82, 90னு வருஷப் பேர்லயே சிக்கன் வச்சதைப் பாத்தா எனக்கு அதுல நம்பிக்கை இருக்கு. 65 மொளகா, 65 நாள் கோழி, மெனுவுல 65-வது நம்பர்னு சொல்றதெல்லாம் டேபிள்ல உக்காந்து பொழுதுபோக்குக்குக் கட்டினதா தான் தெரியுது. உங்க அப்பா 67-ல வந்தவர்னா, அது புதுசா இருந்த காலத்துலயே சாப்பிட்டிருக்கார்.

இப்ப உங்க கேள்விக்கு நேரா பதில். ருசி நெஜம், அது இருந்துச்சு, இப்பவும் சில எடத்துல சில நேரத்துல கெடைக்குது. ஆனா ரெண்டு விஷயம் உங்க கையில இல்ல. ஒண்ணு, 78 வயசுல மூக்கும் நாக்கும் இருபது வயசுல இருந்த மாதிரி இருக்காது, வயசானா வாசனை பிடிபடுறது கொறையும், அது ஹோட்டல் தப்பு இல்ல, இதைப் பத்தி டாக்டருங்க தான் சரியா சொல்லணும். எங்க அய்யா கடைசி காலத்துல எங்கம்மா ரசத்தையே உப்பில்லன்னு சொன்னார். இன்னொண்ணு பசி. காலையில ஓட்டல் ரூம்ல பிரட்டும் மாத்திரையும் போட்டுட்டு பதினொரு மணிக்குக் காரை எடுத்துக்கிட்டு போனா எந்த இட்லியும் ருசிக்காது.

அதனால நான் சொல்ற மாதிரி செய்யுங்க. சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்துல பெரியவர் நிக்க முடியாது. ரெண்டு நாள் பிரிச்சுக்கோங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் ஓட்டாதீங்க. சக்கரை வியாதி இருந்து மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா வெறும் வயித்துல எவ்ளோ நேரம் இருக்கலாம்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. மொத நாள் விடிகாலை மெரினா, கொஞ்ச தூரம் நடக்க வச்சு, அங்க இருந்து நேரா திருவல்லிக்கேணி, கடை தொறந்த சூட்டோட உள்ள இருக்கணும். மறுநாள் மயிலாப்பூர், அங்கயும் அதே மாதிரி மொத ஈடுக்கே போயிடுங்க, வாசல்ல நிக்கிறதுக்குள்ள கால் வலிக்கும், ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துட்டுப் போங்க. டிரைவ்-இன்னுக்குப் பதிலா சாயங்காலம் செம்மொழிப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்து உள்ள கூட்டிட்டுப் போங்க. டிபன் கெடைக்காது, ஆனா பழைய பெரிய மரங்க சிலது அப்படியே நிக்குது, எந்த மரத்தடியில வண்டி நின்னுச்சுன்னு அவரே காட்டுவார், தப்பா காட்டினாலும் திருத்தாதீங்க. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, "எப்படிப்பா இருக்கு, அதே மாதிரி இருக்கா"ன்னு வாய்ல வச்சதும் கேட்டீங்கன்னா பரிச்சை மாதிரி ஆயிடும். கிண்ணத்துல சாம்பார் மட்டம் எறங்குதான்னு மட்டும் பாருங்க, எறங்கினா இட்லி சூடா வந்திருக்கு, மாஸ்டர் அவரு வேலையைச் செஞ்சுட்டார். சப்ளையர் கிட்ட ஜக்கை டேபிள்லயே வச்சிட்டுப் போகச் சொல்லுங்க, பெரியவர் இருக்கார்னு சொன்னா வச்சிட்டுத்தான் போவாங்க. மூணாவது தடவையும் ஊத்திக்கச் சொல்லுங்க, இப்ப அவரு யாரோட மூஞ்சியையும் பாக்காம இருக்க வேண்டியதில்ல.